உங்களை அப்படியே நிற்க வைத்த ஒரு ரிஃப், ஒரு சோலோ

கல்லடிக்கம்பி | வெள்ளி இரவு 9.12

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கிற்றார் தூக்குகிற எல்லோரிடமும் ஒரு கேள்வி. றொக் இசையில் உங்களுக்கு மிகப் பிடித்த ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற சின்னக் கிற்றார் வரி) ஒன்று, சோலோ (கிற்றார் முன்னுக்கு வந்து தனித்து வாசிக்கிற பகுதி) ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். நூறு சிறந்த சோலோக்கள் என்று பட்டியல்கள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, அதை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். எங்கே முதலில் கேட்டீர்கள், வாசிக்கும்போது கைக்கு எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். சோலோ என்றால் எனக்கு பிங்க் ஃப்ளொய்டின் 'கம்ஃபர்டப்லி நம்', 1979. அதில் இரண்டு சோலோ வருகிறது. நான் சொல்வது கடைசியில் வருவதை.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லாத நாட்கள்தான் அதிகம். ரேப் ரெக்கோடருக்கு ஆறு பெரிய பற்றரி வேண்டும். இறங்கிப் போனால் புதிது வாங்கக் காசு இருக்காது. கழற்றி மதிலில் வரிசையாக வெயிலில் வைப்போம், பின்னேரம் இன்னும் அரை மணித்தியாலம் ஓடும். அப்படி ஓடுகிறபோது நாடா மெதுவாகத்தான் சுற்றும், சுருதியும் இறங்கிவிடும். அந்தச் சோலோவை நான் படித்தது அப்படித்தான். பி மைனரில் இருக்க வேண்டியதை அரைச் சுரம் கீழே பிடித்துப் பழகினேன். பல வருடம் கழித்து ஒரு கடையில் சீடியில் அது ஓடியபோது வேறு யாரோ அவசரப்பட்டு வாசிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் அந்த மெதுவில் ஒன்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிங்க் ஃப்ளொய்டின் கிற்றார்காரர் டேவிட் கில்மோர் கம்பியை இழுத்துச் சுரத்தை மேலே கொண்டுபோன உடனே அதை அசைப்பதில்லை. அங்கே ஒரு மூச்சு நிற்கிறார், பிறகுதான் வைப்ரேட்டோ வருகிறது. அந்த ஒரு மூச்சில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கும். அவர் ஐந்தாறு தரம் வாசித்துப் பதிந்து, எந்தத் தடவையில் எந்த வரி நன்றாக வந்தது என்று தாளில் குறித்து, அவற்றைக் கோத்துத்தான் அந்தச் சோலோவை உண்டாக்கினாராம். கேட்டால் ஒரே மூச்சில் பாடிய மாதிரி இருக்கிறது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதே, அப்போது மறுபடியும் அதே சோலோவுக்குப் போனேன். அம்ப் (கிற்றார் ஒலிபெருக்கி) போட வழியில்லை. எலெக்ட்ரிக் கிற்றாரின் தலையை மர அலுமாரிக் கதவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள், அலுமாரி முழுக்க அதிரும், அறைக்குள் நல்லாகவே கேட்கும். கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, அதே மாதிரி மரம்தான் சத்தத்தைக் கொண்டுவருகிறது.

ரிஃப்: டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஒன் த வோட்டர்'. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று தெரியும். எனக்கும் அதுதான்.

களுவாஞ்சித்தம்பி | வெள்ளி இரவு 9.40

கல்லடி அண்ணே, நான் கிற்றார் தொடங்கி நாலு மாதம். நான் முதலில் பழகியதே அந்த ரிஃப்தான். காணொளி ஒன்றைப் பார்த்துத் தடித்த ஆறாவது கம்பியில் மட்டும் வாசிக்கிறேன். சுரம் எல்லாம் சரியாக விழுகிறது, ஆனால் பாட்டில் இருக்கிற அந்தக் கனம் வரவில்லை. அம்ப் சின்னது என்பதாலா, அல்லது என் கையிலா பிழை?

புளியந்தீவுபேஸ் | வெள்ளி இரவு 10.05

தம்பி, கையிலும் பிழையில்லை, அம்பிலும் பிழையில்லை. அந்தக் காணொளி உனக்குச் சுருக்கு வழி காட்டியிருக்கிறது. நாலாவது கம்பியும் மூன்றாவது கம்பியும் சேர்ந்து கேட்க வேண்டும். முதலில் இரண்டையும் ஃப்ரெட் (கிற்றார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பிடிக்காமல். பிறகு ஒரே விரலை இரண்டின் மேலும் படுக்க வைத்து மூன்றாம் ஃப்ரெட், அதன் பிறகு ஐந்தாம் ஃப்ரெட். முக்கியமான வேலை வலது கைக்குத்தான்: பிக்கை (கம்பியை மீட்டுகிற சின்னத் தகட்டை) கீழே வை. டீப் பர்ப்பிளின் கிற்றார்காரர் ரிச்சி பிளாக்மோர் அதை விரலால்தான் பிடுங்குகிறார். பெருவிரல் ஒரு கம்பிக்கு, சுட்டுவிரல் மற்றதுக்கு, இரண்டும் ஒரே கணத்தில். பிக்கால் உரசினால் ஒரு கம்பி முந்திவிடும், மற்றது பின்னால் வரும்.

எனக்கும் ரிஃப் அதுதான், ஆனால் காரணம் வேறு. நான் பேஸ் (தாழ்ந்த சுரக் கிற்றார்) வாசிக்கிறவன். கிற்றார் தனியாகத் தொடங்குகிறது, ஹை-ஹட் (ட்ரம்ஸில் இருக்கிற இரட்டைத் தாளம்) சேர்கிறது, ஓர்கன் சேர்கிறது, ட்ரம்ஸ் முழுதாக வருகிறது, எல்லோரும் வந்து முடிந்த பிறகுதான் பேஸ். அது நுழைகிற இடத்தில் நிலம் வந்து காலுக்குக் கீழே நின்ற மாதிரி இருக்கும். நாலு பேரும் சேர்ந்தால்தான் அது ரிஃப். சோலோவுக்கு ஒருவர் போதும், அதனால் எனக்கு எப்போதுமே ரிஃப்தான் ஒரு படி மேலே.

அந்தப் பாட்டின் கதையும் நடந்த கதை. 1971 டிசம்பர் 4, சுவிற்சர்லாந்தில் மொன்த்ரோ என்கிற ஏரிக்கரை ஊர். ஃப்ராங்க் சப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவர் ஃப்ளேர் துப்பாக்கியால் சுட, கூரை பற்றி, கச்சேரி நடந்த கசினோ முழுக்க எரிந்துபோனது. அங்கே தங்கள் இசைத்தட்டைப் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள்காரர் ஏரிக்கு மேல் புகை பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பு வந்தது றொஜர் குளோவருக்கு. பேஸ் வாசிப்பவர்! வாவிக்கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீருக்கு மேல் புகை படுத்துக் கிடப்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. அக்கரையில் வைக்கோல் எரிக்கிற நாட்களில் விடியப்புறம் வந்து பாருங்கள்.

ஆரையூர்டீச்சர் | வெள்ளி இரவு 10.31

நான் வயலின் சொல்லிக் கொடுக்கிறவள், றொக்கை என் மகனிடம் இருந்து கேட்டுப் பழகினேன். பேஸ் தம்பி சொன்ன அந்த இரண்டு கம்பி விஷயத்தில் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

அந்த இரண்டு சுரத்தில் கீழே இருப்பதைச் சட்ஜமாக வைத்தால் மேலே இருப்பது சுத்த மத்திமம். ச–ம. பழந்தமிழ் இசையில் இந்த உறவுக்கு ஒரு பெயர் உண்டு. நரம்பு என்றால் சுரம். நின்ற நரம்புக்கு ஐந்தாவது நரம்பு கிளை, நாலாவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் வந்தது. அதைப் புரட்டியவர்களுக்கு இந்தச் சொற்கள் தெரிந்திருக்கும். றொக்கில் எல்லோரும் அடிக்கிற பவர் கோட் என்பது ச–ப, அதாவது கிளை. பிளாக்மோர் அந்தப் பஞ்சமத்தைச் சட்ஜத்துக்குக் கீழே இறக்கிவிட்டார். அப்போது அது நட்பாக மாறிவிட்டது. அதனால்தான் மற்ற ரிஃப்கள் இடிக்கிற இடத்தில் இது கொஞ்சம் வெறுமையாக, திறந்து கிடக்கிற மாதிரிக் கேட்கிறது. களுவாஞ்சித் தம்பி ஒரு கம்பியில் வாசித்தபோது காணாமல் போனது அந்த நட்பு நரம்புதான்.

கல்லடித் தம்பி, கில்மோரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வீணையில் கம்பியை இழுத்து வாசிக்கிறவர்களும் போய்ச் சேர்ந்த சுரத்தில் நின்று காட்டுவார்கள். நிற்கத் தெரியாதவர்தான் உடனே ஆட்டுவார்.

ஏறாவூர்விரல் | சனி காலை 7.20

எல்லோரும் மெதுவாக வாசிப்பதையே புகழ்கிறீர்கள். நான் வேகத்துக்காகப் பேச வந்திருக்கிறேன். வேன் ஹேலனின் 'இரப்ஷன்', 1978. ஒரு நிமிடம் 42 வினாடி. அவ்வளவுதான். எடி வேன் ஹேலன் வலது கை விரலையும் கொண்டுபோய் ஃப்ரெட்டில் தட்டுகிறார், இடது கை கீழே பிடித்தும் விட்டும் பதில் சொல்கிறது. இரண்டு கையும் ஒரே கம்பியில். அது வேகத்துக்காகச் செய்த வேகம் இல்லை. சுரங்களுக்கு இடையே அவ்வளவு தூரம் தாவ ஒரு கைக்கு எட்டாது, அதனால் இரண்டாவது கை வந்தது. ஸ்டூடியோவில் அவர் கையைச் சூடாக்க வாசித்துக்கொண்டிருந்ததைத் தயாரிப்பாளர் கேட்டுவிட்டுப் பதியச் சொன்னார்.

ரிஃப்: கன்ஸ் அன் றோசஸின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்', 1987. அதுவும் அவர்களுடைய கிற்றார்காரர் ஸ்லாஷ் விரல் பயிற்சியாக வாசித்துக்கொண்டிருந்ததுதான். பயிற்சி என்று நினைத்து எதையும் அலட்சியமாக வாசிக்கக் கூடாது என்று இந்த இரண்டும் எனக்குச் சொல்லித் தந்தன.

கல்லடிக்கம்பி | சனி காலை 8.02

ஏறாவூர்த் தம்பி, 'இரப்ஷன்' பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி கேட்டேன். தட்டுகிற பகுதி ஒவ்வொரு கோட்டாக (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டமாக) நகர்ந்து போவது இன்றுதான் காதில் பட்டது. இவ்வளவு நாளும் வேகத்தை மட்டும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் வாயால் முணுமுணுக்க முடியாத சோலோ எனக்கு இரவில் நினைவுக்கு வருவதில்லை. 'கம்ஃபர்டப்லி நம்' சோலோவை நான் சைக்கிள் மிதித்துக்கொண்டே முழுதாகப் பாடுவேன்.

ஏறாவூர்விரல் | சனி காலை 8.10

பாட முடியாததை வாசிக்கத்தானே அண்ணே கிற்றார் இருக்கிறது?

ஆரையூர்டீச்சர் | சனி காலை 8.44

இரண்டு பேரும் சரி. தவிலில் ஒருவர் தனி வாசித்தால் யாரும் அதைப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை, ஆனால் கோயில் வீதியில் இருந்து நகரவும் மாட்டார்கள்.

சம்மாந்துறைசபாத் | சனி பகல் 1.15

நான் இங்கே பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதினெட்டு வயதில் வயலில் சூடடிக்கிற மெசினில் என் இடது கை மோதிர விரலின் நுனி போனது. நகத்தோடு. மெசின்காரர் ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிற்றார் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. உம்மா கிற்றாரைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டா, நான் அதைப் பார்த்து அழக் கூடாது என்று.

பெரியப்பாட மகன், மூத்த காக்கா, ஒரு நாள் பிளாக் சபாத்தின் 'அயன் மேன்' போட்டுக் காட்டினார். 1970இல் வந்தது. போட்டுவிட்டு அதை வாசித்தவருடைய கதையைச் சொன்னார். டோனி ஐயோமி, பர்மிங்ஹாமில் தகரம் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. வயது 17. வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில் மெசின் அவருடைய வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் கொண்டுபோனது. அவர் இடது கைக்காரர், ஆகவே ஃப்ரெட் பிடிக்கிற கை அதுதான். இனி வாசிக்க ஏலாது என்று இருந்தவருக்கு அந்தத் தொழிற்சாலை ஃபோர்மன் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்: தீயில் கை வெந்து, பெரும்பாலும் இரண்டு விரலாலேயே சோலோ வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. ஐயோமி ஒரு பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். மெல்லிய கம்பி போட்டார். பிற்பாடு 1971 தட்டில் கம்பிகளை மூன்று அரைச் சுரம் தளர்த்திவிட்டார், விரலுக்கு வலி குறையட்டும் என்று. உலகம் முழுக்க இன்று ஹெவி மெற்றல் என்று கேட்கிற அந்தக் கனத்த சத்தத்தில் இந்தத் தளர்த்தலுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

நானும் செய்து பார்த்தேன். முதலில் சைக்கிள் ரியூப் துண்டு. ரப்பர் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, வழுக்கி அடுத்த ஃப்ரெட்டுக்குப் போகாது. மறுகா வாப்பாவின் பழைய மணிக்கூட்டுப் பட்டியில் ஒரு துண்டு வெட்டி, உட்பக்கம் வெளியே வருமாறு ஒட்டினேன். அது சரி வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் புதிதாக வெட்ட வேண்டும். 'அயன் மேன்' ரிஃப்பில் கீழே இருந்து மேலே வழுக்கிப் போகிற இடம் இருக்கிறதே, தோல் கம்பியில் உரசுகிற சத்தம் அங்கே எனக்கு மட்டும் கேட்கும். என் ரிஃப் அதுதான். சோலோ எனக்கு வேண்டாம்.

களுவாஞ்சித்தம்பி | சனி பகல் 1.31

காக்கா, இதைப் படித்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாலு மாதத்தில் விரல் நோகிறது என்று எத்தனை தரம் கிற்றாரைக் கீழே வைத்திருப்பேன்.

ஆரையூர்டீச்சர் | சனி பகல் 2.05

சம்மாந்துறைத் தம்பி, அந்தப் பட்டித் துண்டை ஒட்டுகிற விதத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். என்னிடம் ஒரு மாணவி இருக்கிறா, விரலில் தீக்காயம், வயலினை விட்டுவிடப் பார்க்கிறா. அவவிடம் காட்ட வேண்டும்.

ஐயோமியில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பிளாக் சபாத்தின் முதல் தட்டின் முதல் பாட்டு: சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமத்தில் போய் நின்று நடுங்குகிறது. கல்யாணியிலும் சண்முகப்பிரியாவிலும் நாங்கள் தினமும் தொடுகிற சுரம்தான் அது. சுற்றி வேறு சுரம் இல்லாமல் அதைத் தனியே நிறுத்தினால் இவ்வளவு பயமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பொத்துவில்அலை | சனி இரவு 11.50

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். அறுகம்பையில் சீசனுக்கு வாசிக்கிறேன். சோலோ என்ன என்று என்னைக் கேட்கவே தேவையில்லை, ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா'. வெள்ளைக்காரரும் கேட்பார்கள், கொழும்பில் இருந்து வருகிறவர்களும் கேட்பார்கள், ஒரே இரவில் மூன்று தரம் வாசித்த நாளும் உண்டு. எனக்கு இன்னும் சலிக்கவில்லை. (ஒரு சீசன் முழுக்க வாசித்த ஒரு இடத்தில் பாதிச் சம்பளம் இன்னும் வரவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.)

1976 தட்டு. அவர்களுடைய கிற்றார்காரர் டொன் ஃபெல்டரும் ஜோ வோல்ஷும் மாறி மாறி வாசித்து, முடிவில் இரண்டு கிற்றாரும் கை கோத்துக்கொண்டு இறங்குகின்றன. அந்தக் கோட் வரிசையை ஃபெல்டர் மாலிபு கடற்கரை வீட்டில் இருந்து கசற்றில் பதிந்து வைத்திருந்தார். பிறகு மயாமியில் சோலோவைப் பதியப் போனபோது பாடகர் டொன் ஹென்லி கசற்றில் இருந்த மாதிரியேதான் வேண்டும் என்று நின்றுவிட்டார். கசற்றோ வீட்டில். வீட்டு வேலைக்கு வருகிறவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அதைப் போட்டு ரிசீவருக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லி, தன்னுடைய சோலோவைத் தானே திரும்பப் படித்தார்.

எங்கள் குழுவில் கிற்றார் நான் ஒருவன்தான். முடிவில் இரண்டாவது குரலைக் கீபோட்டில் வாசிக்கப் பார்த்தோம், சுரம் சரி, ஆனால் ஒட்டவில்லை. இப்போது இரண்டு கம்பியிலும் இரண்டு குரலையும் நானே பிடிக்கிறேன். வேகம் கொஞ்சம் குறைத்தால்தான் முடியும். கடல் காற்றில் கம்பி பத்து நாளில் துருப்பிடிக்கிறது, துருப்பிடித்த கம்பியில் அந்த இடத்தில் கை வழுக்காது. உங்கள் பக்கம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கல்லடிக்கம்பி | ஞாயிறு காலை 6.30

பொத்துவில் தம்பி, கல்லடியிலும் அதே பிரச்சினைதான். வாசித்து முடிந்த கையோடு பழைய சாரத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகப் பிடித்து, அடியில் இருந்தும் துடைத்துவிடு. எல்லோரும் மேலே மட்டும்தான் துடைக்கிறார்கள், வியர்வை கீழே நிற்கிறது. கிற்றாரைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டியில் வை. எனக்கு ஒரு மாதம் தாங்குகிறது.

புளியந்தீவுபேஸ் | ஞாயிறு காலை 10.20

பூசை முடிந்து வந்தேன். சோலோ சொல்ல மறந்துவிட்டேன். குயினின் 'பொஹீமியன் ரப்சடி', 1975. சோலோவை விட அந்தக் கிற்றார்தான் எனக்கு.

நாங்கள் பறங்கியர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை தச்சு வேலை. பாட்டன் பகலில் கதவு, யன்னல் செய்வார், கலியாண வீட்டில் கஃப்ரிஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பார். அந்த வயலினும் அவரே பழுது பார்த்தது. குயினின் கிற்றார்காரர் பிரையன் மே தன்னுடைய கிற்றாரை 1963இல் தொடங்கித் தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே செய்தார். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். ட்ரெமலோவுக்கு (சுரத்தை ஆட்டுகிற கைப்பிடிக்கு) மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். பிக்குக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயம். நாணயத்தின் விளிம்பு கம்பியில் உரசி, ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு சின்ன 'ச்' கேட்கும், கவனித்துப் பாருங்கள். மரத்தைத் தொட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சத்தத்தில் சீவுளி இழுக்கிற வாசம் வரும்.

இன்னொரு விஷயம். கஃப்ரிஞா ஆறு எண்ணிக்கையில் ஆடுகிற தாளம். த அனிமல்ஸ் 1964இல் வாசித்த 'ஹவுஸ் ஒஃப் த ரைசிங் சன்' தொடக்கத்தில் கிற்றார் கோட்டைப் பிரித்துப் பிரித்து வாசிக்கிறதே, அதுவும் ஆறுதான். பாட்டனுக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் பெயரும் கேட்கவில்லை, நாடும் கேட்கவில்லை, காலால் தாளம் போடத் தொடங்கிவிட்டார்.

காத்தான்குடிபிக்இல்லை | ஞாயிறு பகல் 12.02

என் பங்கு சுருக்கமாக. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ், 'சுல்தான்ஸ் ஒஃப் ஸ்விங்', 1978. மார்க் நொஃப்ளர் பிக் இல்லாமல் விரலால் வாசிக்கிறார். அவர் இடது கைக்காரராம், ஆனால் வலது கைக்காரர் மாதிரிப் பிடிக்கிறார். நானும் அப்படித்தான், சின்னதில் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். இரவு கடை பூட்டிவிட்டு, பிள்ளைகள் தூங்கின பிறகு, அம்ப் இல்லாமல் அந்தக் கடைசிச் சோலோவை வாசிப்பேன். விரலால் வாசித்தால் மெதுவாகவும் பேச முடியும், பிக்கால் அது எனக்கு வரவில்லை. களுவாஞ்சித் தம்பி, பிக்கைக் கீழே வைத்தாயா?

களுவாஞ்சித்தம்பி | புதன் இரவு 8.15

வைத்துவிட்டேன் காக்கா. பேஸ் அண்ணன் சொன்ன மாதிரியே நாலாவது, மூன்றாவது கம்பி. முதல் நாள் பெருவிரல் முந்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் இரண்டு விரலையும் கம்பியில் வைத்துவிட்டு, மூச்சை விட்டு, பிறகு பிடுங்கிப் பார்த்தேன். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகக் கேட்டது. டீச்சர் சொன்ன திறந்து கிடக்கிற சத்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்று பின்னேரம் கரண்ட் போனது. கிற்றார் தலையை அலுமாரிக் கதவில் வைத்து வாசித்தேன். மூன்றாம் ஃப்ரெட்டுக்கு மட்டும் உள்ளே தொங்குகிற கம்பி ஹேங்கர்கள் சேர்ந்து கிணுகிணுத்தன, மற்ற ஃப்ரெட்டுக்கு அவை கிணுகிணுக்கவில்லை. அம்மா விளக்கோடு குசினியில் இருந்து வந்தா. அலுமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா வாசி" என்றா.